ஓதத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கவும் தெரியட்டும்

(நமது மக்தப் மதரஸாவின் ஆண்டு விழாவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

  

சற்று முன் நம் பிள்ளைகள் கிராஅத் ஓதினார்கள். கேட்ட நம் எல்லோருடைய உள்ளமும் குளிர்ந்தது. சில தகப்பனார்கள் கண்களைத் துடைத்துக்கொண்டதையும் கண்டேன். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆனால் இந்த மகிழ்ச்சியான வேளையில்தான் உங்களிடம் ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். இவ்வளவு இனிமையாக ஓதிய இந்தச் சிறுவர்களுள், பள்ளிப் பாடத்திற்காக அல்லாமல், யாருடைய கட்டாயமும் இல்லாமல், ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தானே கையில் எடுத்துக் கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் எத்தனை பேர்? வீட்டுக்குச் சென்றபின் உங்கள் மகனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் விடை நமக்குக் கவலை தருவதாகவே இருக்கும்.

ஒரு சொல், இரு பொருள்

நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஹிரா குகையில் முதன்முதலாக அருளப்பட்ட வஹீயின் முதற்சொல் 'இக்ரஃ' என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். அரபு மொழியில் அந்த வினைச்சொல் ஓதுதல், படித்தல் ஆகிய இரண்டையும் தன்னுள் அடக்கியது. தமிழில் நாம் அதை இரண்டாகப் பிரித்துவிட்டோம். மதரஸாவில் செய்வது ஓதுதல். பள்ளிக்கூடத்தில் செய்வது படித்தல். சொல்லில் பிரித்ததோடு நில்லாமல் நம் பிள்ளைகளின் உள்ளத்திலும் பிரித்துவிட்டோமோ என்று நான் அஞ்சுகிறேன்.

குர்ஆனைப் பொருள் விளங்காமல் ஓதினாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் நன்மை உண்டு என்பது நம் நம்பிக்கை. அதில் எவருக்கும் ஐயம் வேண்டாம். ஆனால் ஆறு வயதுச் சிறுவனுக்கு இந்த வேறுபாடு தெரியாது. எழுத்துகளைப் பார்த்து ஓசை எழுப்புவதே படிப்பு என்று அவன் எண்ணிக்கொள்கிறான். அதே பழக்கத்தைத் தமிழ்ப் புத்தகத்துக்கும் கொண்டு செல்கிறான். வரியை உரக்கச் சொல்லி முடிக்கிறான். வரி என்ன சொன்னது என்று கேட்டால் விழிக்கிறான். நாமும் அவன் குரலைக் கேட்டுவிட்டு, 'பிள்ளை நன்றாகப் படிக்கிறான்' என்று நிறைவடைந்துவிடுகிறோம். நானும் அவ்வாறு ஏமாந்தவன்தான். அதை மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

நான் செய்த தவறு

பல ஆண்டுகளுக்கு முன், நான் புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த காலம். மக்தபில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். நல்ல குரல் வளம். அம்ம ஜுஸ்உவைக் கையில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு அழகாக ஓதுவான். எல்லோரிடமும் அவனைக் காட்டிப் பெருமைப்படுவேன். ஒருநாள் காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை. விரல் ஒரு சூராவின் மீது நகர்கிறது. நாவு வேறொரு சூராவை ஓதிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு எழுத்தே பிடிபடவில்லை, பிறர் ஓதக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த இடத்தில் ஓர் ஆசிரியன் செய்ய வேண்டியது என்ன? இவ்வளவையும் செவியாலேயே வாங்கிக்கொண்ட அந்த அறிவை மெச்சியிருக்க வேண்டும். பிறகு தனியே அழைத்து, அலிஃபிலிருந்து பொறுமையாகத் தொடங்கியிருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி அவனைக் கேலி செய்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மஃரிப் வரை நிற்க வைத்தேன். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து ஓர் இளைஞர் இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் காத்திருந்தார். கையில் மடித்த தாள்கள். "ஹஜ்ரத், இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். இருசக்கர வாகனத்துக்கு வாங்கிய தவணைக் கடனின் ஒப்பந்தத் தாள் அது. ஆங்கிலத்தில் இருக்கும் என்று எண்ணி வாங்கிப் பார்த்தேன். தமிழில் இருந்தது. கீழே அவருடைய கையொப்பமும் இருந்தது. தவணை தவறினால் வட்டிக்கு மேல் அபராதம், வண்டியை எடுத்துச் செல்லும் உரிமை என எல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன. முகவர் வாயால் சொன்னதுதான் தாளிலும் இருக்கிறது என்று நம்பிக் கையொப்பமிட்டிருக்கிறார்.

"நீங்கள் பள்ளிக்கூடம் போகவில்லையா?" என்று கேட்டேன். "எட்டாவது வரைக்கும் போனேன் ஹஜ்ரத். எழுத்தெல்லாம் தெரியும். ஆனா கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள முன்னால படிச்சது மறந்து போயிடுது" என்றார். அப்போதுதான் முகத்தை நன்றாகப் பார்த்தேன். அதே பிள்ளை.

நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் சின்ன வயசு ஹஜ்ரத், எப்பவோ மறந்து போச்சு" என்றார். ஆனால் பேசி முடிக்கும் வரை, உட்காரச் சொல்லியும் அவர் என் முன் உட்காரவில்லை.

அன்பிற்குரியவர்களே! அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. எழுத்தறிவு வேறு, வாசிப்பு வேறு. தமிழில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்துகள். அவற்றை அறிந்துகொள்வது படியில் முதற்கால் வைப்பது மட்டுமே. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருக்கும் வரை, மனத்தின் முழு உழைப்பும் கூட்டுவதிலேயே செலவாகிவிடும். பொருளைப் பிடிக்க மிச்சம் இருக்காது. நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகிய பிறகே எழுத்து கண்ணுக்கு மறைந்து பொருள் முன்னே வரும். நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரு சிறுவன் பயத்தினால் படிப்பானா? படிக்க மாட்டான். பிரம்பைக் கண்டு எழுத்து வரலாம், வாசிப்பு வராது. ஆசை இருந்தால் மட்டுமே அவ்வளவு தொலைவு நடப்பான். ஆகவே, படிப்பில் மகிழ்ச்சி என்பது மேலே தூவும் சர்க்கரையன்று, அதுவே வழிச்சோறு.

ஆண் பிள்ளைகளைப் பற்றி ஏன் கவலை?

'பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் ஆண் பிள்ளைகளை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். 2025ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் தமிழகத்தில் மாணவியர் தேர்ச்சி 95.88 சதவீதம், மாணவர் தேர்ச்சி 91.74 சதவீதம். 2024இல் மாணவியர் 94.53, மாணவர் 88.58. ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி இதுவே. உலக அளவில் 15 வயது மாணவர்களிடையே நடத்தப்படும் 'பிசா' ஆய்விலும், 2018இல் பங்கேற்ற எல்லா நாடுகளிலும் வாசிப்பில் பெண் பிள்ளைகளே முன்னணியில் இருந்தனர். எனவே இது நம் ஊரின் குறை மட்டுமன்று.

நம் விருதுநகர் மாவட்டம் தேர்ச்சி விகிதத்தில் பெயர் பெற்ற மாவட்டம். 2017, 2018ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பில் மாநிலத்திலேயே முதலிடம். 2025இல் பத்தாம் வகுப்பில் 97.45 சதவீதத்துடன் இரண்டாமிடம். அல்ஹம்துலில்லாஹ், ஆசிரியப் பெருமக்களின் உழைப்புக்கு நன்றி செலுத்துவோம். ஆனால் தேர்ச்சி பெறுவது ஒன்று. வாசிப்பில் விருப்பம் கொள்வது மற்றொன்று. தேர்வு முடிந்த மறுநாளே புத்தகத்தைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போடும் பிள்ளை, வெற்றி பெற்றும் எதையோ இழந்த பிள்ளை.

கொரோனாக் காலம் இந்தக் குறையை மேலும் ஆழமாக்கியது. நாடு முழுவதும் கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் 'அசர்' ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018இல் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் இருந்தனர். 2022இல் அது இருபத்தைந்து பேர் அளவுக்குக் குறைந்தது. இதை ஈடுசெய்யவே 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி'யும், 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் தொடங்கப்பட்டன. அரசு செய்வதை அரசு செய்யட்டும். நம் வீட்டில் நாம் செய்ய வேண்டியதை அரசு வந்து செய்ய முடியாது.

நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். பெண் பிள்ளை வீட்டில் இருக்கிறாள். தாயோடு அமர்ந்து எதையாவது படிக்கிறாள். ஆண் பிள்ளை அஸருக்குப் பிறகு கடையில் அத்தாவுக்கு ஒத்தாசை, இல்லாவிட்டால் கிரிக்கெட், இரவில் கைப்பேசி. அவன் கண்முன் புத்தகம் படிக்கும் ஆண் மகன் ஒருவர்கூட இல்லை. அத்தா படிப்பதில்லை, அண்ணன் படிப்பதில்லை, மாமா படிப்பதில்லை. படிப்பு என்பது பெண்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது என்று அவன் முடிவு செய்தால், அந்த முடிவை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே.

ஒரு காலத்தில் வாசிப்புக்கு வீட்டிலேயே ஒரு தேவை இருந்தது. வெளிநாட்டிலிருந்து கடிதம் வரும். எழுதப் படிக்கத் தெரியாத தாய், பாட்டி ஆகியோர் வீட்டுச் சிறுவனைப் பக்கத்தில் அமர்த்தி வாசிக்கச் சொல்வார்கள். ஒரு வரிக்காக வீடே காத்திருக்கும். தடுமாறினாலும் எவரும் கேலி செய்ய மாட்டார்கள். 'மெதுவாப் படிப்பா' என்பார்கள். பிறகு இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்வார்கள். தான் வாசிப்பதால் அம்மாவின் முகம் மலர்வதைக் கண்ட பிள்ளைக்குப் படிப்பின் பயனை வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்று அத்தாவின் குரலே கைப்பேசியில் வந்துவிடுகிறது. அது நன்மைதான்; மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறுவனின் பதவி போய்விட்டது. அதை நாம் வேறு வழியில் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சிவகாசித் தாள்கள்

எனக்கு வாசிப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுவர்கள் சிரிக்கக்கூடும், சிரிக்கட்டும்.

என் தாய்மாமா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அச்சுப் பிசகிய கழிவுத் தாள்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வருவார். பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடுவதற்காகத்தான். அவற்றுள் சில நேரம் படக்கதைத் தாள்களும் இருக்கும். சிவகாசி என்றால் பட்டாசும் தீப்பெட்டியும் மட்டுமே நினைவுக்கு வரும். ஆனால் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதும், 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியதும் அதே ஊரில்தான். இரும்புக்கை மாயாவியின் பெயரைச் சொன்னால் இங்கே அமர்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரர்கள் சிலரின் முகத்தில் புன்னகை வருவதை இப்போதே பார்க்கிறேன்.

எனக்குக் கிடைத்தவை முழுக் கதைகள் அல்ல. ஒரு தாளில் சில பக்கங்கள். அவையும் வரிசை மாறி இருக்கும். வில்லன் கதவைத் திறக்கிறான். அத்தோடு தாள் முடிந்துவிடும். கதவுக்கு அப்பால் என்ன என்று தெரியாமல் இரவு தூக்கம் வராது. அடுத்த முறை மாமா வரும்போது முதலில் அவருடைய கட்டைத்தான் பிரிப்பேன். அந்தத் தவிப்பே எனக்கு எழுத்துக் கூட்டாமல் படிக்கக் கற்றுக்கொடுத்தது. பின்னர் பதின்மூன்றாம் வயதில் அரபிக் கல்லூரிக்கு ஓதச் சென்றபோது, தமிழ் விளக்கவுரைகளைத் தங்குதடையின்றிப் படிக்க முடிந்தது என்றால், அதற்கு அடித்தளம் அந்தக் கழிவுத் தாள்கள்தாம்.

'ஹஜ்ரத் படக்கதையைப் பள்ளிவாசலுக்குள் கொண்டுவரச் சொல்கிறார்' என்று எவரும் புறப்பட்டுவிட வேண்டாம். நான் சொல்வது இதுதான். சிறுவன் தானாக விரும்பி எடுக்கும் முதற் புத்தகம் நம் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றலாம். அது ஒழுக்கத்துக்குக் கேடு இல்லாததாக இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவு போதும். கிரிக்கெட் செய்தியானாலும் சரி, விலங்குகளைப் பற்றிய புத்தகமானாலும் சரி, விடுகதைப் புத்தகமானாலும் சரி. நடக்கத் தொடங்கிய குழந்தையிடம் எங்கே போகிறாய் என்று நாம் கேட்பதில்லை. நடக்கிறானே என்றுதான் மகிழ்கிறோம்.

மூன்று எழுத்துகளின் சுமை

இன்னொன்றையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் சமுதாயப் பிள்ளை ஆறு வயதில் ஒரே நேரத்தில் மூன்று எழுத்து முறைகளைச் சந்திக்கிறான். தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம் செல்பவை; அரபு வலமிருந்து இடம் வருவது. தமிழில் எழுத்து தன் வடிவத்தில் நிற்கும். அரபியில் முதல், நடு, கடை என்று நிற்கும் இடத்துக்கேற்ப வடிவம் மாறும். பெரியவர்களுக்கே தலை சுற்றும் வேலை இது. அல்லாஹ்வின் அருளால் பிள்ளைகள் இதைச் சமாளிக்கிறார்கள். சற்றுத் தாமதம் ஆனால் 'மக்கு' என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எளிதில் உரியாது.

சில பிள்ளைகளுக்கு உண்மையாகவே தனிக் கவனம் தேவைப்படும். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளை வாய்விட்டுச் சொல்லமாட்டான். கண் பரிசோதனை செய்து கண்ணாடி போட்ட உடனே படிக்கத் தொடங்கிவிடுவான். வேறு சில பிள்ளைகளுக்குப் பார்வையும் அறிவும் நன்றாக இருக்கும்; ஆயினும் எழுத்துகள் குழப்பும். டிஸ்லெக்சியா என்று அதற்குப் பெயர். அது சோம்பலும் அன்று, பிடிவாதமும் அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் அங்கீகரித்துள்ளது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளும் உண்டு. பிள்ளைக்கு ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். நான் கேலி செய்த அந்தப் பிள்ளைக்கும் இதுபோன்ற ஒன்று இருந்திருக்குமோ என்று இன்றும் எண்ணுகிறேன்.

நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி

ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு, பத்ருப் போர் முடிந்து கைதிகள் மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். பிணைத்தொகை செலுத்த வழியில்லாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள், மதீனாச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. புதிதாகத் தோன்றிய ஒரு சமுதாயம், பொருளுக்குத் தட்டுப்பாடு. அந்த நிலையிலும் பணத்துக்கு ஈடாகச் சிறுவர்களின் எழுத்தறிவை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கற்பிப்பவர் நேற்றுவரை வாளேந்தி நின்றவர் என்றும் பார்க்கவில்லை. அவ்வாறு கற்ற சிறுவர்களுள் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களும் ஒருவர் என்பர். தந்தையை இழந்த அந்தச் சிறுவரே பிற்காலத்தில் குர்ஆனைத் தொகுக்கும் பெரும் பொறுப்பை ஏற்றார்கள்.

அடுத்து, அனஸ் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். சிறுவராக வந்து பத்தாண்டுகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தவர். அந்தப் பத்தாண்டுகளில் ஒருமுறையேனும் தம்மைச் சலித்துக்கொண்டதில்லை, இதை ஏன் செய்தாய், அதை ஏன் செய்யவில்லை என்று கடிந்துகொண்டதில்லை என்று அவர் சான்று பகர்ந்துள்ளார்கள். பத்தாண்டுகள்! நான் ஒரு மாலைப் பொழுதில் பொறுமை இழந்தேன். இந்த ஹதீஸைப் பலமுறை பயான் செய்தவன்தான் நான். அதை என் மக்தபுக்குள் கொண்டுவரப் பத்தாண்டுகள் பிந்திவிட்டேன்.

நாம் செய்யக்கூடியவை

அந்த இளைஞரைச் சந்தித்த பிறகு மக்தபில் ஒரு சிறு மாற்றம் செய்தேன். நாள்தோறும் பாடம் முடியும் கடைசிப் பத்து நிமிடம் நபிமார்கள், ஸஹாபாக்கள் வரலாற்றையோ வேறு நல்ல கதையையோ நானே உரக்க வாசிக்கிறேன். சுவையான இடம் வந்ததும் நிறுத்திவிடுவேன். புத்தகத்தை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவேன். என் மாமாவின் கழிவுத் தாள்கள் கற்றுக்கொடுத்த உபாயம் இது. முதல் சில நாள்கள் எவரும் தொடவில்லை. பிறகு ஒரு நாள் புத்தகம் வைத்த இடத்தில் இல்லை. தூணுக்குப் பின்னால் மூன்று பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கூட்டிக் கூட்டிப் படிக்க, மற்றவன், 'சீக்கிரம் படிடா, அப்புறம் என்ன ஆச்சு' என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். நான் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

1. தந்தைமார்களே, நாள்தோறும் பத்து நிமிடமாவது உங்கள் மகன் பார்க்கும்படி எதையேனும் படியுங்கள். நாளிதழாயினும் சரி. 'படி, படி' என்று நூறு முறை சொல்வதைவிட இது பயனுள்ளது.

2. சிறு பிள்ளைக்கு இரவில் வாசித்துக் காட்டுங்கள். சரளமாக வாசிக்கத் தெரியாத தாய்மார்கள் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பிள்ளைக்குப் பெரிய ஊக்கம்.

3. வாசிக்கையில் ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்தித் திருத்தாதீர்கள். குர்ஆன் ஓதுகையில் திருத்துவது கடமை. அங்கே எழுத்து மாறினால் பொருள் மாறிவிடும். கதைப் புத்தகத்தில் அவன் பொருளைப் பிடித்துவிட்டால் போதும்.

4. படிப்பைத் தண்டனையாகவும் கைப்பேசியைப் பரிசாகவும் ஆக்காதீர்கள். 'குறும்பு செய்தாய், போய் உட்கார்ந்து படி' என்று சொல்லும் வீட்டில் புத்தகம் சிறையாகிவிடும்.

5. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசின் கிளை நூலகங்கள் உள்ளன. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் சேர்ந்தே வசூலாகிறது. பணம் கட்டிவிட்டோம், பொருளை வாங்கிக்கொள்ள வேண்டாமா? பிள்ளையை உறுப்பினராக்குங்கள். மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப்பகுதி இருக்கிறது. துணிமணி எடுக்க மதுரைக்குப் போகும்போது இரண்டு மணி நேரம் அங்கேயும் அழைத்துச் செல்லுங்கள்.

6. ஜமாஅத் நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை. மதரஸா அறையில் ஓர் அலமாரி வேண்டும். பூட்டு வேண்டாம். பூட்டிய அலமாரியில் புத்தகம் அழகாக இருக்கும். பிள்ளை அருகே வரமாட்டான். நூறு புத்தகங்கள் போதும். சில கிழியும், சில திரும்பி வராது. கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம் என்று எண்ணிக்கொள்வோம். பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்கு வாரம் ஒருநாள் வாசித்துக் காட்டட்டும். கடிதம் வாசித்த காலத்துச் சிறுவனின் பதவி அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

இது நமக்குப் புதிய ஊர்ப் பழக்கமும் அன்று. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமிராஜா அவர்கள் தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர் ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் வரலாற்றைத் தெலுங்கில் கிருஷ்ணதேவராயர் பாடிய ஆமுக்தமால்யதாவைத் தமிழாக்கி, சாகித்திய அகாதமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்ற மு. கு. ஜகந்நாதராஜா அவர்களும் இவ்வூர்க்காரரே. சிறுவர் இலக்கியத்துக்கான சாகித்திய அகாதமி விருதை 2012இல் பெற்ற கொ. மா. கோதண்டம் அவர்களும் இவ்வூர்க்காரரே. ஒருவர் வீட்டையே கொடுத்த ஊரில், நாம் ஓர் அலமாரியைக் கொடுக்க முடியாதா?

பஞ்சாலையிலும் பேண்டேஜ் துணித் தறியிலும் கடையிலும் உழைத்து இந்தப் பிள்ளைகளை வளர்க்கிறீர்கள். 'வேலைக்குப் போகிற பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எதற்கு?' என்று சிலர் எண்ணலாம். நாளை அவன் முன் வேலை ஒப்பந்தம் வரும். வங்கித் தாள் வரும். நிலப் பத்திரம் வரும். மருந்துச் சீட்டு வரும். ஒவ்வொன்றுக்கும் அவன் இன்னொருவரின் நாவை நம்பி நிற்க வேண்டுமா? அந்தத் தாள்களைப் படிக்கும் வலிமை, இன்று அவன் மகிழ்ச்சியோடு படிக்கும் கதையிலிருந்துதான் வளரும்.

கடைசியாக, முன்வரிசைத் தம்பிகளே! இன்று உங்களுக்குக் கொடுத்த பரிசுப் பொட்டலத்தில், டிபன் பாக்ஸோடு ஒரு புத்தகமும் இருக்கிறது. அதிலிருந்து நான் கேள்வி கேட்க மாட்டேன். தேர்வு வைக்க மாட்டேன். பிடித்தால் படியுங்கள். பிடிக்காவிட்டால் என்னிடம் கொண்டுவந்து வேறு புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். படித்தது புரியாவிட்டால் தயங்காமல் வந்து கேளுங்கள். எவரும் உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். நானும் சிரிக்க மாட்டேன். இது இந்தச் சபையின் முன்னிலையில் நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

வல்ல நாயன் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக. அவர்களுடைய நாவுக்கு ஓதலின் இனிமையையும், உள்ளத்துக்கு வாசிப்பின் இனிமையையும் தருவானாக. கற்பிக்கும் நம் அனைவருக்கும் பொறுமையைத் தருவானாக. நம்மால் மனம் நொந்து விலகிப்போன பிள்ளைகளின் உள்ளங்களை ஆற்றி, அவர்களுக்கும் கல்வியின் வாசலைத் திறந்துவிடுவானாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.